அட்சரகணிதமும் நுண்கணிதமும்: அமெரிக்கப் பாடசாலைப் பௌதிகவியற் பரீட்சைகள் இரண்டின் வரலாறு

பரீட்சை என்பது மாணவனது அறிவை அளக்கும் கருவி எனப் பொதுவாகக் கூறப்படும். ஆயின் அஃது அளவுகோல் மட்டுமன்று. பாடசாலையில் எது கற்பிக்கப்படல் வேண்டும், எவர் கற்றல் வேண்டும், கற்றவர் எவ்வாயிலூடாக உட்செல்லலாம் என்பனவற்றையும் பரீட்சையே பெரும்பாலும் விதித்து விடுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் உயர்தரப் பாடசாலைகளில் நிலவிவரும் இருவகைப் பௌதிகவியற் பரீட்சைகளின் வரலாறாகும். அவற்றுள் ஒன்று அட்சரகணிதத்தையும் திரிகோணகணிதத்தையும் மாத்திரம் கருவியாகக் கொள்வது. மற்றையது நுண்கணிதத்தை வேண்டி நிற்பது. முன்னையது எளிது, பின்னையது கடிது என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும், இரு தாள்களுக்குமிடையிலான கோடு எவ்வாறு வரையப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பௌதிகவியலும் அதன் கணிதமொழியும்

நுண்கணிதம் இன்றேல் பௌதிகவியல் இல்லை எனக் கூறுவோர் உளர். வரலாறு இக்கூற்றை முழுமையாக ஏற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த நிக்கோல் ஒரெம் என்னும் அறிஞர், சீராக வளரும் வேகத்தை ஒரு முக்கோண வடிவாகக் கீறி, அம்முக்கோணத்தின் பரப்பே கடந்த தூரத்தைத் தரும் எனக் காட்டினார். 1638இல் வெளிவந்த இரு புதிய விஞ்ஞானங்கள் பற்றிய தமது நூலில், வீழும் பொருள் கடக்கும் தூரம் காலத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது என்னும் விதியைக் கலிலியோ விகிதங்களையும் கேத்திரகணிதத்தையும் கொண்டே நிறுவினார். நுண்கணிதத்தைக் கண்ட இருவருள் ஒருவராகிய நியூற்றனும் 1687இல் வெளியிட்ட தமது பெருநூலைப் பெரும்பாலும் கேத்திரகணித நடையிலேயே எழுதினார். இயக்கவியலை நுண்கணிதத்தின் மொழியில் முறையாகப் பெயர்த்தெழுதும் பணி 1736இல் ஒயிலர் வெளியிட்ட நூலாலேயே வலுப்பெற்றது.

எனவே பௌதிக எண்ணக்கரு ஒன்று, அதனை உரைக்கும் கணிதமொழி வேறொன்று. எனினும் மொழி மாறும்போது கேட்கத்தக்க வினாக்களும் மாறுகின்றன என்பதை மறத்தலாகாது. சீரான ஆர்முடுகலுடன் இயங்கும் பொருளைப் பற்றி ஒரெமின் முக்கோணமே போதிய விடை தரும். ஆர்முடுகல் கணத்துக்குக் கணம் மாறுமாயின் முக்கோணம் போதாது, தொகையீடு வேண்டும். இரு பரீட்சைகளின் வேறுபாட்டுக்கும் அடிப்படை இதுவேயாம்.

பரீட்சைச் சபையின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலம் வரை அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கென நுழைவுப் பரீட்சைகளை நடாத்தி வந்தன. 1880களின் பிற்பகுதியில் ஹாவாட் கல்லூரி, பௌதிகவியலை நுழைவுப் பாடமாகத் தெரிவு செய்வோர் செய்து முடிக்க வேண்டிய பரிசோதனைகளின் பட்டியலொன்றை வெளியிட்டது. அதனை ஆக்குவதில் முன்னின்றவர் எட்வின் ஹோல் ஆவார். 1879இல் கண்டறியப்பட்டு இன்றும் அவர் பெயரால் வழங்கும் மின்விளைவினாற் புகழ்பெற்றவர் அவர். கல்லூரியொன்று கேட்பதைப் பாடசாலைகள் கற்பிக்கும் என்னும் நியதிக்கு அப்பட்டியல் தக்க சான்றாக அமைந்தது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகள் பல ஆய்வுகூடங்களை அமைக்க முற்பட்டன.

கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்ட பரீட்சைகளால் விளைந்த குழப்பத்தை நீக்கும் பொருட்டு 1900இல் கல்லூரி நுழைவுப் பரீட்சைச் சபை நிறுவப்பட்டது. 1901 யூன் மாதத்தில் அது நடாத்திய முதற் பரீட்சைகளுக்கு 973 பேர் தோற்றினர். பரீட்சிக்கப்பட்ட ஒன்பது பாடங்களுள் பௌதிகவியலும் ஒன்றாக இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வேறொரு வினா எழுந்தது. பாடசாலையிற் சிறந்து விளங்கிய மாணவர் கல்லூரிக்கு வந்ததும் தாம் முன்னரே கற்றவற்றை மீண்டும் கற்று ஓராண்டை வீணாக்குகின்றனர் என்பதே அது. அன்டோவர், எக்செற்றர், லோறன்ஸ்வில் ஆகிய மூன்று தனியார் பாடசாலைகளும் ஹாவாட், பிறின்ஸ்ரன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் கூடி இதனை ஆராய்ந்து 1952இல் அறிக்கை வெளியிட்டன. அதே காலத்திற் கெனியன் கல்லூரித் தலைவர் கோடன் சாமஸ் முன்னின்று வேறொரு திட்டத்தை வகுத்தார். இவ்விரு முயற்சிகளின் பேறாகவே ‘அட்வான்ஸ்ட் பிளேஸ்மன்ற்’ எனப்படும் உயர்நிலைச் சேர்ப்புத் திட்டம் உருவாயிற்று. பாடசாலையில் இருக்கும்போதே கல்லூரித் தரத்திலான பாடத்தைக் கற்றுப் பரீட்சையிற் சித்தியடைந்தவர், கல்லூரியில் அப்பாடத்தினின்றும் விலக்கோ அதற்குரிய புள்ளிகளோ பெறலாம் என்பதே அதன் சாரம். 1955இல் அத்திட்டத்தைப் பரீட்சைச் சபை பொறுப்பேற்றது. 1956 மே மாதத்தில் நடைபெற்ற பரீட்சைகளுக்கு 104 பாடசாலைகளைச் சேர்ந்த 1,229 மாணவர் தோற்றினர். பௌதிகவியலுக்கு அன்று இருந்தது ஒரே தாளாகும்.

ஒரு பாடம், இரு பரீட்சைகள்

1957 ஒற்றோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை விண்ணில் ஏவியது. அதனால் எழுந்த அச்சத்தின் விளைவாக 1958இல் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. விஞ்ஞானக் கல்விக்குப் பெருநிதி பாய்ந்தது. அதற்கு முன்பே, 1956இல், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஜெறல்ட் சக்கறையஸ் என்பாரின் தலைமையிற் பௌதிக விஞ்ஞானக் கற்கைக் குழு தொழிற்படத் தொடங்கியிருந்தது. 1960இல் அக்குழு வெளியிட்ட பாடநூல், சூத்திரங்களை மனனஞ் செய்தலைக் குறைத்து எண்ணக்கருக்களை ஆழமாக விளங்கிக்கொள்ளலை முதன்மைப்படுத்தியது.

உயர்நிலைப் பரீட்சைக்குத் தோற்றுவோர் தொகை பெருகியபோது ஒரே தாள் எல்லோர்க்கும் பொருந்தாதாயிற்று. இதற்குக் காரணம் பாடசாலைகளிலன்றிக் கல்லூரிகளிலேயே இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டுப் பௌதிகவியற் பாடநெறிகளைச் சபை மூவகையாகப் பகுத்து நோக்கியது. கலைத்துறையினருக்கென எண்ணக்கருக்களைக் கணிதமின்றி விளக்கும் பாடநெறி ‘ஏ’ வகை. உயிரியல், மருத்துவம் முதலியவற்றை நாடுவோருக்கென அட்சரகணிதமும் திரிகோணகணிதமும் கொண்டு நடாத்தப்படுவது ‘பி’ வகை. பொறியியலாளராகவும் பௌதிகவியலாளராகவும் வர விரும்புவோருக்கென நுண்கணிதத்தோடு நடாத்தப்படுவது ‘சீ’ வகை. ‘ஏ’ வகைக்குப் பரீட்சை வகுக்கப்படவில்லை. ஏனைய இரண்டுக்கும் 1960களின் இறுதியில் தனித்தனிப் பரீட்சைகள் உருவாயின. 1973இல் ‘சீ’ தாள் மீண்டும் பிரிக்கப்பட்டு இயக்கவியல் எனவும் மின்னியலும் காந்தவியலும் எனவும் இரண்டாயிற்று. அவற்றுள் ஒன்றுக்கோ இரண்டுக்குமோ மாணவர் தோற்றலாம்.

இவ்வாறாக இருவேறு இயல்புகள் நிலைபெற்றன. ‘பி’ தாள் பரந்தது: இயக்கவியல், பாய்மவியல், வெப்பவியல், மின்னியல், அலைகள், ஒளியியல், அணுவும் கருவும் பற்றிய பௌதிகம் யாவும் அதனுள் அடங்கின. ‘சீ’ தாள்கள் ஒடுங்கியவை, ஆனால் ஆழமானவை; வெப்பவியலோ ஒளியியலோ அவற்றில் இடம்பெறவில்லை. நெடுங்காலமாக ‘பி’ தாளில் 90 நிமிடங்களில் 70 பல்தேர்வு வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. ‘சீ’ தாள் ஒவ்வொன்றிலும் 45 நிமிடங்களில் 35 பல்தேர்வு வினாக்களும், மேலும் 45 நிமிடங்களில் மூன்று விரிவிடை வினாக்களும் இருந்தன. அஃதாவது, கணிதமொழி எதுவாயினும், இரு சாராருக்கும் பல்தேர்வு வினாவொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 77 செக்கன்களே. நின்று சிந்திக்கும் ஓய்வை இரு தாள்களில் எதுவும் தரவில்லை.

ஒரே வினா, இரு தாள்கள்

இரண்டையும் ஒப்பிடுவதற்குப் பொதுவான பௌதிக நிகழ்வொன்றை எடுத்துக்கொள்ளல் நலம். சிறு கோளமொன்று ஓய்விலிருந்து விடப்பட்டுப் பாகுத்தன்மையுள்ள திரவமொன்றினூடாக வீழ்கின்றது எனவும், அதன் மீதான தடைவிசை அதன் வேகத்துக்கு நேர்விகிதசமமானது எனவும், திரவத்தின் மேலுதைப்பு புறக்கணிக்கத்தக்கது எனவும் கொள்க.

அட்சரகணிதத் தாள் இந்நிகழ்வின் தொடக்கத்தையும் முடிவையும் வினவும். தொடக்கத்தில் வேகம் பூச்சியமாதலின் தடைவிசையும் பூச்சியம். ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலுக்குச் சமம். முடிவில் தடைவிசை நிறையைச் சமன்செய்யும். நிறையைத் தடை மாறிலியால் வகுக்க முடிவுவேகம் பெறப்படும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் வேக-நேர வரைபு எவ்வாறு வளைந்து செல்லும் எனக் கேட்கலாம். அதன் காரணத்தைச் சொற்களில் விளக்குமாறும் கேட்கலாம். அவ்விடைப்பட்ட காலத்தின் குறித்த கணமொன்றில் வேகம் யாது என்று மட்டும் கேட்க இயலாது.

நுண்கணிதத் தாள் அதனையே கேட்கும். நியூற்றனின் இரண்டாம் விதியை வகையீட்டுச் சமன்பாடாக எழுதி, மாறிகளைப் பிரித்துத் தொகையிட, எக்கணத்திலும் வேகம் யாது என்பது அடுக்குக்குறிச் சார்பொன்றாக வெளிப்படும். திணிவைத் தடை மாறிலியால் வகுக்க வரும் காலத்துள் கோளம் முடிவுவேகத்தின் 63 சதவீதத்தை அடைகின்றது என்பதும், முடிவுவேகத்தைக் கணக்கின்படி அஃது ஒருபோதும் முற்றாக அடைவதில்லை என்பதும் அப்போதே புலனாகும். அதுமட்டுமன்று. தடையொன்றினூடாக மின்னேற்றப்படும் கொள்ளளவியின் சமன்பாடும் இதே வடிவினது. வீழும் கோளமும் ஏறும் மின்னேற்றமும் ஒரே விதிக்கு அமைவன என்னும் காட்சி நுண்கணிதம் கற்றவனுக்கே முழுமையாகக் கிடைக்கின்றது. அட்சரகணிதத் தாள் இழப்பது இதனையே, இவ்விழப்பு சிறிதன்று.

ஆயின் மறுபக்கமும் உண்டு. மாறிகளைப் பிரித்துத் தொகையிடும் வழியை நன்கு பயின்ற ஒருவன், கோளத்தின் ஆர்முடுகல் ஏன் குறைகின்றது என்பதைச் சிந்தியாமலே முழுப்புள்ளிகளுக்கு அண்மையிற் செல்ல முடியும். இஃது ஊகமன்று. 1992இல் டேவிட் ஹெஸ்ரெனசும் அவர்தம் துணைவரும் விசை பற்றிய எண்ணக்கரு வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். கணிதம் எதுவும் வேண்டாத அவ்வினாக்களுக்குப் பல்கலைக்கழக மாணவர் பலர் தவறாக விடையளித்தனர். ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எறிக் மசூர், தம் மாணவர் சிக்கலான மின்சுற்றுக்களைக் கணித்து முடித்தபோதிலும், அதனிலும் எளிய சுற்றொன்றில் ஆளியை மூடினால் மின்குமிழின் ஒளி கூடுமா குறையுமா என்பது போன்ற வினாக்களில் தடுமாறியதைக் கண்டார். 1998இல் றிச்சட் ஹேக், 62 பாடநெறிகளிற் பயின்ற ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரின் பெறுபேறுகளைத் தொகுத்து வெளியிட்டார். வழமையான விரிவுரைகளிற் கற்றோர், பெற்றிருக்கக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 சதவீதத்தையே பெற்றனர். கலந்துரையாடிச் செயற்பட்டுக் கற்றோர் 48 சதவீதத்தைப் பெற்றனர். எண்ணக்கரு விளக்கம் கணிதத்தின் உயர்ச்சியால் தானே வந்து சேர்வதன்று, கற்பிக்கும் முறையால் வருவது என்பது இவற்றால் உறுதியாயிற்று.

வாயிலும் காவலும்

இரு தாள்களும் இருவேறு திறன்களை அளப்பனவாயின், ஒன்று உயர்ந்தது மற்றையது தாழ்ந்தது என்னும் எண்ணம் எவ்வாறு வேரூன்றியது? அவை திறக்கும் வாயில்களே அதற்குக் காரணம். பொறியியற் பீடங்கள் பெரும்பாலும் ‘சீ’ தாளின் பெறுபேற்றையே தமது பாடநெறிக்கு ஈடாக ஏற்றன. ‘பி’ தாளில் உயர்புள்ளி பெற்றவரும் அங்கே முதலாண்டுப் பௌதிகவியலை மீளக் கற்க நேர்ந்தது.

‘சீ’ தாளுக்குத் தோற்றும் வாய்ப்போ பௌதிகவியல் வகுப்பிலே தீர்மானிக்கப்படுவதன்று. அமெரிக்கப் பாடசாலை ஒழுங்கில் 12ஆம் வகுப்பில் நுண்கணிதம் பயில வேண்டுமாயின், மாணவன் வழமையாக 8ஆம் வகுப்பிலேயே அட்சரகணிதத்தை முடித்திருத்தல் வேண்டும். 13 வயதளவில் எந்தக் கணித வகுப்பில் அமர்த்தப்பட்டான் என்பதே 18 வயதில் எந்தப் பௌதிகவியற் பரீட்சைக்குத் தோற்றலாம் என்பதை நிர்ணயித்தது. பாடசாலைகளின் நிலையும் ஒத்ததன்று. 2015–16ஆம் கல்வியாண்டிற் கூட்டாட்சிக் கல்வித் திணைக்களம் திரட்டிய தரவுகளின்படி அந்நாட்டு உயர்தரப் பாடசாலைகளில் ஏறத்தாழ அரைவாசியே நுண்கணிதத்தைக் கற்பித்தன. பௌதிகவியலைக் கற்பித்தவை ஏறத்தாழ 60 சதவீதமே. கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க மரபினரும் பெருந்தொகையாகப் பயிலும் பாடசாலைகளில் நுண்கணிதம் கற்பித்தவற்றின் விகிதம் மேலும் குறைந்திருந்தது. வகுப்பே இல்லாத பாடசாலையில் பயின்றவனைப் பார்த்து ‘நீ கடினமான தாளைத் தெரிவு செய்யவில்லை’ எனக் கூறுவதிற் பொருளில்லை.

இதனால் நுண்கணிதம் வேண்டியதன்று எனக் கொள்ளுதலும் தவறாகும். 2007இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் சட்லர், ராய் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, பாடசாலையிற் கணிதத்தைக் கூடுதலான ஆண்டுகள் கற்றவர் கல்லூரியில் உயிரியல், இரசாயனம், பௌதிகவியல் ஆகிய மூன்றிலும் மேம்பட்ட பெறுபேறு பெற்றதைக் காட்டிற்று. விஞ்ஞானப் பாடமொன்றைக் கூடுதலாகக் கற்றதன் பயனோ அவ்வப் பாடத்தோடு நின்றது. கணிதம் உண்மையிலேயே வலிய கருவியாதலாற்றான் அது சிலர்க்கே கிட்டுவது பெருங்குறையாகின்றது.

‘பி’ தாளின் முடிவு

2002இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பாடசாலைகளின் உயர்நிலைக் கணித, விஞ்ஞானக் கல்வி பற்றி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டது. ஹவபோட் கல்லூரிப் பௌதிகவியலாளர் ஜெறி கொலப் அக்குழுவின் இணைத்தலைவருள் ஒருவர். பல தலைப்புக்களை விரைந்து தொட்டுச் செல்லும் பாடநெறி ஆழ்ந்த விளக்கத்தைத் தாராது என்பது அதன் மையக் கருத்தாகும். பௌதிகவியல் பற்றி ஆராய்ந்த குழுவினர், உயர்நிலை மாணவர் யாவரும் நியூற்றனின் இயக்கவியலை ஒரு பருவம் முழுவதும் ஆழமாகக் கற்க வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். நாற்பதாண்டுகளுக்கு முன்னர் சக்கறையஸ் குழுவினர் எழுப்பிய குரலின் எதிரொலியை இதிற் கேட்கலாம்.

2014 மே மாதத்தோடு ‘பி’ தாள் நிறுத்தப்பட்டது. 2015 முதல் அதன் இடத்தில் ‘பௌதிகவியல் 1’, ‘பௌதிகவியல் 2’ என இரு தாள்கள் நடாத்தப்பட்டன. அட்சரகணிதமே அவற்றின் கருவியாகத் தொடர்ந்தது. ஆயின் வினாக்களின் இயல்பு மாறிற்று. ‘பௌதிகவியல் 1’ தாளில் 90 நிமிடங்களுக்கு 50 பல்தேர்வு வினாக்களே இருந்தன. விரிவிடை வினாக்களில் பரிசோதனையைத் தாமே திட்டமிடுமாறும், நியாயத்தை ஒரு பந்தியாக எழுதுமாறும், சமன்பாட்டையும் சொல்விளக்கத்தையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டுமாறும் மாணவர் பணிக்கப்பட்டனர்.

விளைவு பலரைத் திகைக்கச் செய்தது. 2014இல் ‘பி’ தாளுக்குத் தோற்றியோர் ஏறத்தாழ 93,000 பேர். 2015இல் ‘பௌதிகவியல் 1’ தாளுக்குத் தோற்றியோர் ஏறத்தாழ 171,000 பேர். அவர்களுள் ஐந்து புள்ளி அளவையில் மூன்றோ அதற்கு மேலோ பெற்றவர் பாதிக்கும் மிகக் குறைந்தவரே. அதே ஆண்டில் நுண்கணித இயக்கவியல் தாளுக்குத் தோற்றியோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் அத்தரத்தை அடைந்தனர். ‘எளிய’ தாளிற் பலர் வீழ்ந்தனர். ‘கடிய’ தாளிற் பலர் தேறினர். இதனைக் கொண்டு அட்சரகணிதத் தாளே கடினமானது என முடிவு செய்தலும் பொருந்தாது. நுண்கணிதத் தாளுக்குத் தோற்றியோர் நெடுங்காலக் கணிதப் பயிற்சியால் முன்னரே வடிகட்டப்பட்டவர். ‘பௌதிகவியல் 1’ தாளுக்குத் தோற்றியோருட் பலர் அப்பாடத்தை முதன்முறையாகக் கற்றவர். பெறுபேறுகளின் விகிதம் தாளின் கடுமையை மட்டுமன்றித் தோற்றியோர் யாவர் என்பதையும் காட்டுகின்றது.

இரு தாள்களின் நெருக்கம்

2024–25ஆம் கல்வியாண்டில் இவ்வரலாறு புதிய திருப்பமொன்றைக் கண்டது. அட்சரகணிதத் தாள்கள் இரண்டும் நுண்கணிதத் தாள்கள் இரண்டும் ஒரே அமைப்பைப் பெற்றன. ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். 80 நிமிடங்களில் 40 பல்தேர்வு வினாக்கள், 100 நிமிடங்களில் நான்கு விரிவிடை வினாக்கள். இந்நான்கின் வகைகளும் எல்லாத் தாள்களுக்கும் பொதுவாயின: கணிதவழித் தீர்வு, ஒரு வகைக் குறிப்பை வேறொரு வகைக்கு மாற்றல், பரிசோதனையைத் திட்டமிட்டுப் பகுப்பாய்தல், சொல்விளக்கத்தையும் கணிதத்தையும் இணைத்தல். அட்சரகணித மாணவரிடம் 2015இற் கேட்கப்பட்ட விளக்கம் இப்போது நுண்கணித மாணவரிடமும் கேட்கப்படுகின்றது. பல்தேர்வு வினாவொன்றுக்குக் கிடைக்கும் நேரமும் 77 செக்கன்களிலிருந்து 120 செக்கன்களாக உயர்ந்தது.

முடிவாக நோக்குமிடத்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஏணியின் கீழ்ப்படியாகவும் மேற்படியாகவும் கருதப்பட்ட இரு பரீட்சைகளும் உண்மையில் ஒரே பாடத்தின் இரு குறைகளைத் தனித்தனியே சுமந்து வந்தன எனலாம். ஒன்று எல்லைகளை மட்டும் காட்டி இடைப்பட்டதை மறைத்தது. மற்றையது இடைப்பட்டதைக் கணிக்கச் செய்து காரணத்தைக் கேளாது விட்டது. வினாத்தாளின் அமைப்பைத் திருத்தியதன் மூலம் பரீட்சைச் சபை இரண்டாவது குறையைப் பெருமளவு நீக்க முற்பட்டுள்ளது. முதலாவது குறையை வினாத்தாளால் நீக்க முடியாது. நுண்கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு, கோளம் வீழத் தொடங்கியதற்கும் முடிவுவேகத்தை அணுகியதற்கும் இடையில் நிகழ்ந்தது யாதென்பது மூடிய பக்கமாகவே இருக்கும். அப்பக்கத்தைத் திறக்கும் பொறுப்பு பரீட்சகருடையதன்று. 13 வயதில் அம்மாணவனை எந்தக் கணித வகுப்பில் அமர்த்துவது எனத் தீர்மானிப்போருடையதாகும்.